மேல் பெர்த்தில் விழித்திருந்தவள்: ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இடது மணிக்கட்டில் சின்ன முறிவுதான், மூன்று வாரம் மாவுக்கட்டு போட்டால் போதும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ராத்திரி மூணு மணிக்கு இவ ஏன் கீழ இறங்குனா?" என்று கேட்டார்.

"பாத்ரூமுக்கு டாக்டர்," என்றேன். மகளும் தலையாட்டினாள்.

அது உண்மையில்லை. அவள் தெரிந்தே தலையாட்டினாள், நான் தெரியாமல் சொன்னேன். உண்மை எனக்குத் தெரிய இன்னும் நான்கு நாட்கள் ஆயின. அந்த நாட்களில் எழுதத் தொடங்கிய நோட்டுப் புத்தகத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளைப் பெற்றோர் அறையிலிருந்து பிரித்து, ஒரே அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் படுக்க வைக்க யோசிக்கும் வீடுகளுக்கு இது உதவக்கூடும்.

ஏன் அடுக்குக் கட்டில்

அம்பத்தூரில் மூன்றாவது மாடி. எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான். இரண்டு படுக்கையறை உள்ள வீடு. மகளுக்கு அப்போது 7 வயது முடிந்து இரண்டு மாதம். மகனுக்கு 4. பிறந்ததிலிருந்து நால்வரும் ஒரே அறையில், ஒரே கட்டிலில்தான் தூங்கினோம். கட்டில் போதாமல் நடுவில் ஒரு திவானை இழுத்துப் போட்டு ஒட்டுப் போட்டிருந்தோம். என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு தாண்டி வரும்போது அவர் படுக்க இடம் இருக்காது. ஹாலில் பாயைப் போட்டுக்கொள்வார்.

இன்னொரு அறை அத்தையுடையது. என் மாமியார் மேலூரில் இருக்கிறார், வருஷத்தில் மூன்று நான்கு மாதம் இங்கே வந்து இருப்பார். மற்ற மாதங்களில் அந்த அறையில் துணி காயும். 2024 ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும், அந்த அறையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. அறை 10 அடிக்கு 11 அடி. இரண்டு தனிக் கட்டில் போட்டால் அத்தை வரும்போது மெத்தை விரிக்கத் தரை இருக்காது. பாட்டிக்கு இடம் இல்லாத அறையாக அதை மாற்ற எங்கள் இருவருக்குமே மனமில்லை. அடுக்குக் கட்டில் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. ஆசை பிள்ளைகளுக்கும் இருந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போய் வந்த பழக்கத்தில், கட்டில் வருவதற்கு முன்பே அவர்கள் அதற்கு அப்பர் பெர்த், லோயர் பெர்த் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைசிவரை அந்தப் பெயரே நிலைத்தது.

அத்தைக்குப் போனில் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "நாங்க ஆறு பேரு தரையில வரிசையாப் படுத்தோம்த்தா. விழுறதுக்கு இடமே கிடையாது," என்றார். தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குள் இருந்தது. அதனால்தான் அளவு விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதமாக இருந்தேன்.

மின்விசிறியும் அளவுநாடாவும்

தெரிந்த ஆசாரி ஒருவரிடம் செய்யச் சொன்னோம். அவர் முதலில் போட்ட கணக்கு, மேல் பலகை தரையிலிருந்து 5 அடி, அதன்மேல் 6 அங்குல மெத்தை. கேட்க நன்றாக இருந்தது. கீழே படுப்பவருக்குத் தாராளமாக உட்கார இடம். ஆனால் நான் அளவுநாடாவை எடுத்து மேல் நோக்கிப் பிடித்தபோது அடிவயிறு கலங்கியது.

எங்கள் அறையின் உயரம் ஒன்பதரை அடி, அதாவது 114 அங்குலம். மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து 104 அங்குலத்தில் சுற்றுகிறது. மேல் மெத்தையின் மேற்புறம் 66 அங்குலத்தில் இருந்தால், நான்கு அடிக்குச் சற்றுக் குறைவான என் மகள் எழுந்து நின்ற மாத்திரத்தில் தலை 113 அங்குலத்துக்குப் போய்விடும். நிற்கக்கூட வேண்டாம். உட்கார்ந்தபடி சோம்பல் முறித்துக் கைகளைத் தூக்கினாலே இறக்கையின் உயரம் வந்துவிடுகிறது. விசிறி அறையின் நடுவில்தானே இருக்கிறது என்று ஆசாரி சமாதானம் சொன்னார். 48 அங்குல விசிறியின் இறக்கை நடுவிலிருந்து இரண்டு அடி நீளும். 10 அடி அகலத்தில் அது சுவரிலிருந்து மூன்றடி தூரம் வரை வரும். கட்டிலின் அகலமும் மூன்றடி. இறக்கையின் நுனி கட்டிலின் விளிம்புக்கு நேர் மேலே.

அடுக்குக் கட்டில் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதில் பெரும்பாலும் தடுப்புக் கட்டையும் ஏணியும்தான் முதலில் வரும். விசிறியைப் பெரிதாக எடுத்துப் பேசுவது ஆஸ்திரேலியா போன்ற வெப்ப நாட்டவர்கள்தான். நம் ஊரில் எல்லா அறையிலும் தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது. கட்டில் வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, விசிறிக்கு அளவு எடுப்பதுதான். எங்கள் வீட்டில் அந்த விசிறியையே கழற்றிவிட்டு, சுவரில் மாட்டும் விசிறி இரண்டு போட்டோம். ஒன்று மேலே, ஒன்று கீழே, இரண்டும் கட்டிலில் இருந்து கை எட்டாத எதிர்ச் சுவரில். மேல் பலகையையும் இறக்கினோம். கீழ் மெத்தை தரையிலிருந்து 14 அங்குலம், மேல் மெத்தையின் மேற்புறம் 54 அங்குலம். மேல் மெத்தையின் தடிமனும் பலகையும் போக நடுவில் 34 அங்குல இடைவெளி. அதில் நான் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தால்தான் மகனுக்குக் கதை சொல்ல முடியும். அது போதும்.

தடுப்புக் கட்டைக்கு அமெரிக்க விதியையும் ஆஸ்திரேலிய விதியையும் எடுத்து வைத்துக்கொண்டோம். மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவு, 160 மில்லிமீட்டர் என்பது ஆஸ்திரேலிய அளவு. எங்களுடையது 9 அங்குலம். கட்டைகளுக்கு இடையே மூன்றரை அங்குலத்துக்கு மேல் சந்து விடக் கூடாது என்பது அமெரிக்க விதி. குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மட்டும் மாட்டிக்கொள்ளும் சந்துதான் உயிருக்கு ஆபத்து. சுவரை ஒட்டிய பக்கத்திலும் கட்டை வேண்டும் என்றபோது ஆசாரி, "சுவரே இருக்கேம்மா, அதுக்கு எதுக்குக் கட்டை?" என்றார். கட்டில் நாளடைவில் சுவரிலிருந்து கொஞ்சம் விலகும். அந்த இடுக்கில் குழந்தை இறங்கிவிடும் என்று சொன்னேன். மறு பேச்சில்லாமல் செய்துகொடுத்தார். மெத்தை தென்னை நாரில், 4 அங்குலம்தான். தடித்த மெத்தை போட்டால் தடுப்பின் உயரத்தை அதுவே விழுங்கிவிடும். பின்னாளில் இரண்டையும் தனித்தனிக் கட்டிலாகப் பிரித்துப் போட வசதியாக போல்ட் வைத்து இணைத்தார். மகளுக்குப் பத்து பதினோரு வயதாகும்போது இந்த அறை ஏற்பாடே மாறும், அதை இப்போதே யோசித்து வைத்தோம்.

இவ்வளவும் சரியாகச் செய்தேன். ஏணியில் கோட்டைவிட்டேன். மலிவாகக் கிடைத்தது என்று உருண்டைக் கம்பி வைத்த, நேராக நிற்கும் இரும்பு ஏணியை ஒப்புக்கொண்டேன்.

வயதிலும் ஒரு தவறு. மேல் தட்டில் 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள் என்று அமெரிக்காவில் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 9 வயது என்கிறார்கள். எங்கள் மகளுக்கு 7. எங்களுக்கு வசதியான எண்ணை எடுத்துக்கொண்டோம்.

முதல் மூன்று இரவுகள்

மே 12, ஞாயிற்றுக்கிழமை. கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த வாரம். சாமி கும்பிட்டு, புது விரிப்பு போட்டு, இருவரையும் ஒன்பது மணிக்கு ஏற்றிப் படுக்க வைத்தோம். மேலிருந்து அவள் தலையை நீட்ட, கீழிருந்து அவன் காலால் பலகையை உதைக்க, பத்தரை வரை ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நானும் அவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பல வருஷம் கழித்து எங்களுக்கென்று ஓர் அறை. அன்றைக்கு ஏதோ பெரிய காரியத்தைச் சாதித்த நிறைவு.

மூன்றாம் நாள் இரவு, பதினொன்றே முக்கால் இருக்கும். அறையிலிருந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் மகன் கட்டிலில் உட்கார்ந்து, கண் திறந்திருக்க, வீறிட்டுக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வியர்வை. தூக்கினால் என்னையே தள்ளுகிறான். "அம்மாடா, அம்மாடா" என்றாலும் அடையாளம் தெரியவில்லை. ஏழெட்டு நிமிஷம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டான். காலையில் கேட்டால் அவனுக்கு ஒன்றும் நினைவில்லை.

இது கெட்ட கனவு இல்லை, தூக்க அலறல் என்பது குழந்தை மருத்துவரிடம் கேட்ட பிறகு தெரிந்தது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழித்துக்கொள்ளும் நிலை. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் பெரும்பாலும் வரும். சின்னப் பிள்ளைகளுக்கு வந்து, வளர வளரத் தானே போய்விடும். எழுப்ப முயற்சிக்காமல், அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கம் போதாததும் புது இடமும் அதைத் தூண்டிவிடும். எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன. 3 முதல் 5 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் சொன்ன அளவு. அந்த மூன்று நாளும் அவன் பத்தரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தான். புதுக் கட்டில் குஷியில் மதியத் தூக்கமும் போயிருந்தது.

இந்த விளக்கத்தை நான் கேட்டுக்கொண்டேன். என் கணவருக்குச் சொன்னேன், அத்தைக்குப் போனில் சொன்னேன். மேல் பெர்த்திலிருந்து, தடுப்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே நான் சொன்னது ஒரு வரி: "தம்பி சின்னப் பையன்ல, பயந்துக்குறான். நீதான் பக்கத்துல இருக்க, பாத்துக்கணும் என்ன?"

சரி என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

நாற்பது இரவுகள்

அதன்பின் அலறல் இன்னொரு முறை வந்தது, பிறகு நின்றது. ஜூன் 10 பள்ளி திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காலையில் அறைக்குள் போனால் மகன் கழுத்துவரை போர்வையைப் போர்த்தி, நேராகப் படுத்திருப்பான். எங்கள் கட்டிலில் இருந்தவரை நாலு திசைக்கும் உருண்டு, போர்வையைத் தரைக்கு உதைத்துத் தள்ளிய பிள்ளை அவன். தனி அறை வந்ததும் எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறான் பார் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொன்னேன்.

ஜூன் 19, மகளின் டைரியில் ஆசிரியை ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். மூன்றாம் பீரியடில் தூங்கி விழுகிறாளாம். நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். டிவியை நிறுத்தினேன். திட்டினேன். ராத்திரி அரட்டை அடிக்கிறாயா என்று கேட்டேன். அவள் இல்லை என்றாள். நான் நம்பவில்லை.

ஜூன் 24 விடிவதற்கு முன் விழுந்தாள்.

விபத்து என்று பார்த்தால் இது சாதாரணமானது. அமெரிக்காவில் 1990 முதல் 2005 வரை அடுக்குக் கட்டிலால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த பிள்ளைகள் 572,580 பேர் என்று 2008-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை கீழே விழுந்ததால் வந்தவை. கம்பி ஏணி, வெறுங்கால், இருட்டு, தூக்கக் கலக்கம். காரணம் கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி அது தெளிவாக இருந்தது. மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் நான் ஏணியை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்திருப்பேன்.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உண்டா என்பது. அதுவும் பெரும்பாலும் முன்னிரவில் வருவது, நடந்தது நினைவிருக்காது. இவளுக்கோ எந்தக் கம்பியில் கால் வழுக்கியது என்பது வரை நினைவிருந்தது. அடுத்து எனக்கு வெப்பத்தின் மேல் சந்தேகம். மேலே மொட்டைமாடி, பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் இரவில் இறக்குகிறது. சின்ன வெப்பமானி ஒன்றை மேலும் கீழும் மாற்றி வைத்துப் பார்த்தேன். மேல் தட்டில் ஒன்றரை டிகிரி கூடுதல். அதனால் விழிப்பு வந்திருக்கலாம், ஆனால் வெப்பம் தாங்காத பிள்ளை கீழே வந்து தண்ணீர் குடிக்கும், எங்களை எழுப்பும். இவள் ஒரு நாளும் எழுப்பியதில்லை. கொசுவும் இல்லை, ஜன்னலுக்கு வலை அடித்திருந்தோம்.

மாவுக்கட்டோடு மேலே ஏற முடியாது. அத்தைக்கென்று விட்ட தரையில் மெத்தை விரித்து அவளைப் படுக்க வைத்து, வலியில் அழுதால் பார்க்க நானும் பக்கத்தில் படுத்தேன். நான்காம் இரவு, 12:40. போர்வை அசையும் சத்தத்தில் கண் விழித்தேன், ஆனால் எழவில்லை. அவள் மாவுக்கட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் போட்டுக் கீழ் கட்டிலுக்கு நகர்ந்தாள். வலது கையை அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். காலடியில் கிடந்த போர்வையை ஒரு கையாலேயே இழுத்து, கழுத்துவரை போர்த்தி, ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகினாள். பிறகு திரும்பி வந்து படுத்தாள். 2:15-க்கு மறுபடியும்.

அந்தச் சமர்த்தான போர்வை யாருடைய வேலை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. விடியும்வரை தூங்கவில்லை.

காலையில், தலை பின்னும்போது, முகத்தைப் பார்க்காமலேயே கேட்டேன். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் அவளுக்குப் பேச்சு வராது. பின்னால் இருந்து கேட்டால் வரும்.

"ராத்திரி எதுக்குடா எந்திரிச்ச?"

"தம்பி மூச்சு விடுறானான்னு பாத்தேன்."

"தினமுமா?"

"அன்னிக்குக் கத்துனான்ல, அதுலேர்ந்து."

"அம்மாவ எழுப்பியிருக்கலாமே?"

"நீதானம்மா என்னையப் பாத்துக்கச் சொன்ன."

மே 15-லிருந்து அவள் விழுந்த அன்று வரை கணக்குப் போட்டால் நாற்பது இரவுகள். ஒன்பது முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டிய வயதில், ஒரு குழந்தை இரவில் இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை, இருட்டில் கம்பி ஏணியில் இறங்கி ஏறியிருக்கிறாள். தூக்கத்தை அவள் எப்படிப் பிரித்துக்கொண்டாள், எதை வைத்து விழித்தாள் என்பதெல்லாம் இன்றுவரை எனக்கு விளங்காதவை.

என்ன மாற்றினோம்

ஏணி உடனே மாறியது. சாய்வான மர ஏணி, நான்கு அங்குல அகலப் படிகள், இரண்டு பக்கமும் பிடி. இழுப்பறை வைத்த படிக்கட்டு இன்னும் பாதுகாப்பானது என்றார் ஆசாரி, ஆனால் அத்தையின் மெத்தை இடத்தை அது தின்றுவிடும். தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று. மேல் தட்டிலிருந்து துப்பட்டாவைத் தொங்கவிட்டுக் கூடாரம் கட்டும் விளையாட்டை அடியோடு நிறுத்தினோம். மகன் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடியதை ஒரு நாள் பார்த்தேன். கயிறு, துப்பட்டா, பை எதுவும் அந்தக் கட்டையில் தொங்கக் கூடாது. இதில் கெஞ்சலுக்கு இடமில்லை.

படுக்கும் நேரத்தைப் பிரித்தோம். மகன் எட்டரைக்கு. அவன் தூங்கிய பிறகு அரை மணி நேரம் அவள் என்னோடு ஹாலில். பாடம் கிடையாது. வேர்க்கடலை உரிப்போம், துணி மடிப்போம், சும்மா இருப்போம். ஒன்பதரைக்குள் அவளும் படுத்துவிடுவாள். இருவரும் ஒரே அறையில் தூங்குவதால் ஒரே நேரத்தில் படுக்க வைக்க வேண்டும் என்று ஏன் நினைத்தோம் என்று இப்போது தோன்றுகிறது. வேலை ஒரே தடவையில் முடியட்டும் என்ற எங்கள் சௌகரியத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

கடினமானது, அவளிடமிருந்து காவலைத் திரும்ப வாங்குவது. "இனிமே நீ பாத்துக்க வேண்டாம், அம்மா பாத்துக்குறேன்" என்று சொன்னேன். தலையாட்டினாள். அன்றிரவும் எழுந்தாள். பொறுப்பை வார்த்தையால் கொடுத்துவிடலாம், வார்த்தையால் திரும்ப எடுக்க முடியவில்லை.

முதலில் அவளுக்கு அந்த அலறலை விளக்கினேன். டிவி ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் முன்னால் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. தம்பி கத்தினதும் அந்த மாதிரி. அவனுக்கு வலிக்கவில்லை, பயம் காலையில் நினைவிலும் இல்லை. "அப்ப செத்துப் போக மாட்டானா?" என்று கேட்டாள். ஒன்றரை மாதம் அந்தக் கேள்வியோடு படுத்திருக்கிறாள். மாட்டான் என்று சொல்லி அணைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு கார்ட்லெஸ் காலிங் பெல் வாங்கினோம். வாசலுக்கு மாட்டுவதுதான். பொத்தானைக் கீழ் கட்டிலின் உள்பக்கம், மகனின் கைக்கு எட்டும்படி ஒட்டி, மணி எங்கள் அறையில். உனக்கு என்ன வேண்டுமென்றாலும் இதை அமுக்கு, அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று அவனுக்குச் சொன்னோம். முதல் நாள் ஒன்பது தடவை அமுக்கினான். தண்ணீர், உச்சா, பல்லி, அப்பா எங்கே. ஒன்பது தடவையும் போனேன். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை, ஏனென்றால் தரையில் படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவனுக்காக வைத்த மணிதான், ஆனால் நான் வருகிறேனா என்று சோதித்தது அவள். ஐந்தாம் நாள் இரண்டு தடவையாகக் குறைந்தது.

அவளுக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. "அவன் பெல் அடிக்க முடியாம இருந்தா?" நான் பதினொரு மணிக்கு வந்து பார்ப்பேன், அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் பார்ப்பார் என்றேன். "நான் தூங்கிட்டா நீங்க வந்தது எனக்கு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து, நான் வந்து பார்த்ததற்கு அடையாளமாக ஏணியின் கைப்பிடியில் மாட்டினேன். அவர் வந்தால் இன்னொன்று. காலையில் எழுந்ததும் அவள் முதலில் பார்த்தது அதைத்தான். சிவப்பு அம்மா, நீலம் அப்பா. ஜூலை முழுவதும் எண்ணினாள். ஒரே ஒரு நாள் அவர் அசதியில் மறந்துவிட்டார். அன்று மாலை வரை அவள் அவரோடு பேசவில்லை. அதன்பின் அவர் மறக்கவே இல்லை.

மாவுக்கட்டு பிரித்த பிறகும் மேலே ஏற அவசரப்படுத்தவில்லை. ஆகஸ்டில் அவளே கேட்டாள். ஒரு நிபந்தனை வைத்தோம். விளக்கில்லாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கிக் காட்ட வேண்டும், வாரம் முழுவதும். தூக்கக் கலக்கத்தில் கால் தானாகப் படியைத் தேட வேண்டும். 6 வயதா 9 வயதா என்பதைவிட எனக்கு இந்தச் சோதனை நம்பகமாகத் தெரிகிறது. ஆகஸ்ட் 17 சனிக்கிழமை மேலே போனாள்.

அத்தை வந்தபோது

ஆவணி பாதியில் அத்தை வந்தார். கட்டிலைச் சுற்றி வந்து பார்த்தார், கட்டையை அசைத்துப் பார்த்தார், தன் மெத்தை இடம் அப்படியே இருப்பதையும் பார்த்தார். கிளிப் எதற்கு என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நான்தான் எங்க வீட்டுல மூத்தவ," என்றார். "எங்காத்தா களைப்புல பொணமா தூங்கும். கடைக்குட்டிக்கு இழுப்பு. நான்தான் முழிச்சு முழிச்சுப் பாப்பேன். எனக்கு அப்ப ஒம்போது வயசு இருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "இன்னமும் எனக்கு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும்த்தா," என்றார்.

அவர் இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பதைப் பல வருஷமாகப் பார்த்திருக்கிறேன். வயதானால் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அவர் இருந்த நாட்களில் மூன்றாவதாக ஒரு பச்சை கிளிப்பும் கைப்பிடியில் சேர்ந்தது. இரண்டு மணிக்கு விழிக்கும்போது அவரே மாட்டிவிடுவார்.

அக்டோபர் 15, சென்னையில் விடாத மழை. முந்தின நாளே பள்ளிக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள், வேளச்சேரியில் ஜனங்கள் கார்களைப் பாலத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அன்றிரவு எங்கள் தெருவில் மின்சாரம் போனது. இடி. அத்தை ஊருக்குத் திரும்பியிருந்தார், என் கணவருக்கு இரவு ஷிப்ட். மணி பேட்டரியில் ஓடுவது என்பதால் ஒருமுறை ஒலித்தது. போனேன். மகன் கையை நீட்டினான், பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து தட்டிக்கொடுத்தேன். டார்ச்சை மேலே காட்டாமல், ஏணியில் இரண்டு படி ஏறி எட்டிப் பார்த்தேன். மகள் வாயைத் திறந்து, தலையணையைத் தாண்டி ஒரு பக்கம் சரிந்து, இடி காதில் விழாமல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிவப்பு கிளிப்பை மாட்டினேன். காலையில் அவள் அதைப் பார்க்கவே இல்லை, மழை விடுமுறைக்கு என்ன டிபன் என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள். கீழே தம்பி குறுக்கே கிடந்தான், ஒரு கால் சுவரில். அவன் போர்வை தரையில் கிடந்தது.